வெள்ளாம்பாறைத் தண்ணீரில் ஓர் இதயம்

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டிய குழிகளுக்கு நடுவே வெள்ளாம்பாறை என்று ஓர் ஊர். அந்த ஊர்த் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, புதுக் குடம் மூன்றே மாதத்தில் உள்ளே வெள்ளைச் சட்டை போட்டுக்கொள்ளும், பெண் கொடுக்க வருகிறவர்கள் முதலில் ஒரு தம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துப் பார்த்துவிட்டு அப்புறம்தான் மாப்பிள்ளையைப் பார்ப்பார்கள். அந்தத் தண்ணீரில்தான் ஒரு வெள்ளாட்டுக் கிடாயின் இதயம், கிடா செத்து, குழம்பாகி, ஏப்பமாகிப் போன பிறகும் நூற்று மூன்று நாள் துடித்துக்கொண்டிருந்தது.

ஊருக்கு மேற்கே, கல் வெட்டி முடித்துக் கைவிட்ட குழி ஒன்றின் கரையில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி இருந்தது. அதன் மூன்றாம் மாடியில் உடலியல் துறை. அந்தத் துறையின் கடைசி அறையில் தெய்வசிகாமணி என்கிற சிகாமணி சார், ஐம்பத்திரண்டு வயது, இருபத்திரண்டு வருடமாக ஒரே ஒரு விஷயத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். இதயத்தின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் கால்சியத்தைச் சேர்த்துவைக்கிற கிடங்கு ஒன்று உண்டு, கிடங்குக்குக் கதவுகள் உண்டு, கதவு திறந்து கால்சியம் கொட்டினால் செல் இறுகும், கொட்டியதை அள்ளித் திரும்பக் கிடங்கில் போட்டால் தளரும், இப்படி இறுகித் தளர்வதுதான் துடிப்பு. அந்தக் கதவு சரியாகச் சாத்தாமல் சொட்டுச் சொட்டாக ஒழுகத் தொடங்கினால் இதயம் களைத்துப்போகும் என்பது அவருடைய கட்சி. இதை நிரூபிக்க அவர் எலி இதயத்தின் செல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, கால்சியம் பட்டால் மினுங்கும் சாயத்தை ஏற்றி, இருட்டறையில் கண் எரிய எரியப் பார்த்துக்கொண்டிருந்தார். நூற்றுக்கணக்கான எலிகள் அதற்காக உயிர்விட்டன. பதினான்கு கட்டுரைகள் வெளிவந்தன. படித்தவர்கள் தொகை எலிகளின் தொகையைவிடக் குறைவு என்று அவரே கல்யாணப் பந்திகளில் சொல்லிச் சிரிப்பார், பிறகு வீட்டுக்கு வந்து சிரிக்காமல் உட்கார்ந்திருப்பார்.

பெயருக்கு முன்னால் டாக்டர் என்று இருந்தாலும் அது ஆராய்ச்சிக்குக் கொடுத்த டாக்டர். தலைவலிக்கு ஒரு மாத்திரை எழுதித் தரக்கூட அவருக்கு உரிமை கிடையாது. அவர் மனைவி மரகதம் ஊர்த் தபால் நிலையத்தின் அதிகாரி. தபால் நிலையத்துக்கு வருகிறவர்கள் "சார் எதுக்கு டாக்டர்?" என்று கேட்டால், முத்திரை குத்துவதை நிறுத்தாமலே, "எலிகளுக்கு ஹார்ட் ஸ்பெஷலிஸ்ட்" என்பார்.

அன்றைக்கு வியாழக்கிழமை. முதலாண்டு மாணவர்களுக்கு வருடாவருடம் அவர் செய்துகாட்டும் ஒரே வித்தை அன்றைக்கு இருந்தது. முன்பெல்லாம் அதற்குத் தவளை. தவளையைத் தொடக் கூடாது என்று சட்டம் வந்ததிலிருந்து கறிக்கடை சிக்கந்தர் பாய், அறுத்த சூட்டோடு ஒரு கிடாயின் இதயத்தை ஐஸ் பெட்டியில் வைத்து, மொபெட்டில் இருபது நிமிடத்தில் கொண்டுவந்து சேர்ப்பார். சிகாமணி சார் அதைக் கண்ணாடிக் குழாயில் தொங்கவிட்டுக் கால்சியம் கலந்த உப்புநீரை உள்ளே விடுவார். இதயம் கொஞ்ச நேரம் துடிக்கும். பிறகு கால்சியம் இல்லாத நீருக்குத் திருகை மாற்றுவார், நின்றுவிடும். உடனே மாணவர்கள் பக்கம் திரும்பி, "கால்சியம் இல்லையென்றால் காதலும் இல்லை" என்பார். மதிப்பெண் பயத்தில் அவர்கள் சிரிப்பார்கள்.

அன்றைக்கும் திருகை மாற்றினார், திரும்பினார், சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அவருடைய தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதயம் துடித்துக்கொண்டிருந்தது.

"அஞ்சலை!" என்று கத்தினார்.

ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான் கழுவி, தண்ணீர் சுமந்து, எலிக்கூண்டு துடைக்கிற அஞ்சலை, நாற்பத்து நான்கு வயது, கதவோரம் வந்து நின்றார்.

"தண்ணி எங்க பிடிச்ச?"

"கீழ வடிதண்ணி மிஷின்ல சார்."

"உண்மையைச் சொல்லு."

"இங்க... கொழாய்ல சார். மறந்துட்டேன்."

காய்ச்சி வடித்த தண்ணீரில் கால்சியம் இருக்காது, ஊர்க் குழாய்த் தண்ணீரில் கரைந்திருப்பது ஊர்ப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். பதினோரு வருட வேலைக்காரிக்குத் தெரியாதா என்று அறுபது மாணவர்கள் முன்னால் ஐந்து நிமிடம் திட்டினார். அஞ்சலை சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டார். பரிசோதனை பாழாய்ப்போன கோபத்தில் இதயத்தைக் கழற்றி, குழாயடியில் தண்ணீரோடு இருந்த நீல பிளாஸ்டிக் வாளியில் போட்டுவிட்டு சிகாமணி சார் வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அது வாளித் தண்ணீரில் துடித்துக்கொண்டிருந்தது. குழாயும் இல்லை, இரத்தமும் இல்லை, ஆடும் இல்லை. உள்ளங்கை அளவு சதை, சற்றே சாய்ந்து மிதந்தபடி, நிமிடத்துக்கு எழுபத்திரண்டு தடவை. சிகாமணி சார் முதலில் கண்ணாடியைத் துடைத்தார், அப்புறம் வாளியைச் சுற்றி வந்தார், அப்புறம் அதே தண்ணீரை இன்னொரு வாளியில் பிடித்து, சிக்கந்தர் பாயிடம் புது இதயம் வரவழைத்துப் போட்டுப் பார்த்தார். அது பதினோரு நிமிடத்தில் நின்றது. இன்னொன்று, எட்டு நிமிடம். மூன்றாவது போட்டதும் நின்றது. முதல் இதயம் மட்டும், பக்கத்து வாளிகளில் நடந்த எதையும் கண்டுகொள்ளாமல், தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அஞ்சலை காவலாளியிடம் சொன்னார், காவலாளி டீக்கடையில் சொன்னார், மதியத்துக்குள் ஊரே படியேறி வந்துவிட்டது. வந்தவர்கள் யாரும் எப்படி என்று கேட்கவில்லை. அதற்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார்கள். வாளியை வெயிலில் வைக்கலாமா, மின்சாரம் போனால் பயப்படுமா, ஞாயிற்றுக்கிழமை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டார்கள். பஞ்சாயத்துக் குழாய் ஆபரேட்டர் தண்ணீர் விடும் நேரத்தை மாற்றட்டுமா என்று கேட்டார். கோயில் குருக்கள், பள்ளிவாசல் இமாம், தேவாலயத்துப் பாதிரியார் மூவரையும் கூப்பிட்டுக் காட்டினார்கள். மூவரும் தனித்தனியாக வந்து பார்த்து, இது எங்கள் இலாகா இல்லை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, படியிறங்கும்போது ஒருவருக்கொருவர் நலம் விசாரித்துக்கொண்டார்கள். ஓய்வுபெற்ற கால்நடை மருந்தாளுநர் ஒருவர் பூதக்கண்ணாடி வைத்து அரைமணி நேரம் பார்த்து, "முறைப்படி உயிரோட இல்ல, அதே சமயம் முறைப்படி சாகவும் இல்ல" என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

மூன்றாம் நாள் அலமேலு வந்தார். ஆடு வளர்ப்பவர், கிடாயைச் சிக்கந்தர் பாய்க்கு விற்றவர். வாளிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரே பார்வையில், "எங்க கலெக்டரேதான்" என்றார். கலெக்டர் ஊருக்கு வந்த அன்று பிறந்த கிடா என்பதால் அதற்கு அந்தப் பெயர். "பயந்தாங்கொள்ளி. வெடி போட்டா நெஞ்சு இப்படித்தான் அடிச்சுக்கும். அழாதடா, நான் இருக்கேன்ல" என்று வாளியைப் பார்த்துச் சொன்னார். அன்றிலிருந்து ஊரில் கலெக்டரைப் பார்க்கப் போகிறோம் என்றால் மாவட்டத் தலைநகருக்கு அல்ல, கல்லூரி மூன்றாம் மாடிக்கு என்று அர்த்தமாயிற்று.

அந்த வியாழக்கிழமை கலெக்டரின் கறியை வாங்கித் தின்ற நாற்பது குடும்பங்கள் தெருவில் ஒருவரையொருவர் பார்த்தால் முதலில் கூச்சப்பட்டார்கள், பிறகு சொந்தக்காரர்கள் போலத் தலையாட்டினார்கள், பிறகு உண்மையாகவே சொந்தக்காரர்கள் போலச் சண்டைகூடப் போட்டுக்கொண்டார்கள். சிக்கந்தர் பாய் கடையில் ஒரு வாரம் ஈ ஓட்டினார். மறுவாரம் அவர் கடை ஆட்டுக்கு நெஞ்சு கெட்டி என்று பேர் பரவி, பக்கத்து ஊர்க்காரர்களும் தூக்குவாளியோடு வந்து நின்றார்கள். கல்யாண மண்டபத்தில் மேளம் அடிக்கிறவர் வாரம் ஒருமுறை வந்து தாளம் சரிபார்த்துக்கொண்டு போனார். பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி இருவர் தற்செயலாக ஒரே நேரத்தில் வந்து, வாளிக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, பேசிக்கொள்ளாமலே, ஆனால் ஒரே மொபெட்டில் திரும்பிப் போனார்கள். கல்லூரி டீன் முதலில் கோபப்பட்டார், பிறகு சுற்றறிக்கை விட்டார்: பார்வை நேரம் மாலை நான்கு முதல் ஐந்து வரை, செருப்பை வெளியே விடவும்.

சிகாமணி சாருக்கு வாழ்க்கையில் முதல் முறையாகக் கேட்கிறவர்கள் கிடைத்தார்கள். சுவரில் பெரிய படம் ஒன்றை ஒட்டி, குச்சியால் தட்டித் தட்டி, கிடங்கையும் கதவையும் ஒழுகலையும் தினம் ஒரு மணி நேரம் விளக்கினார். இரண்டாம் வாரம், கல்லூரியில் குழாய் வேலை பார்க்கிற ரத்தினவேல் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதாவது வாஷர் போயிருச்சுங்கிறீங்க" என்றார். கூட்டம் முழுக்க ஆங்... என்று தலையாட்டியது. இருபத்திரண்டு வருடம், பதினான்கு கட்டுரை, முந்நூற்றுப் பத்துப் பக்க ஆய்வேடு எல்லாம் ஒரு வாஷரில் அடங்கிப்போனதைப் பார்த்தபடி சிகாமணி சார் குச்சியைக் கீழே வைத்தார்.

ஆனால் கேட்டவர்கள் சும்மா போகவில்லை. "எனக்கும் படியேறுனா மூச்சு வாங்குது சார், எனக்கும் வாஷர்தானா?" என்று ஒருவர் கேட்பார். "படுத்தா மூச்சு முட்டுது, ரெண்டு தலகாணி வேண்டியிருக்கு" என்று ஓர் அம்மா சொல்வார். "பொது மருத்துவப் பிரிவு, தரைத்தளம், ஏழாம் எண் அறை" என்று இயந்திரம் மாதிரிச் சொல்லிவிட்டு சிகாமணி சார் மறுபடி படத்துக்குத் திரும்புவார். அவர் மனம் வேறு இடத்தில் இருந்தது. வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றுக்குக் கட்டுரை அனுப்பியிருந்தார். ஏற்கெனவே மனத்துக்குள் அவருக்கு இரண்டு பரிசுகள் கிடைத்துவிட்டன, ஒன்றை அடக்கத்தோடு மறுத்தும்விட்டார்.

நாற்பதாம் நாள் பதில் வந்தது. சுவாரசியமாக இருக்கிறது, ஆனால் ஓர் இதயம் போதாது, ஆறு வேண்டும், ஆறு இல்லாவிட்டால் குறைந்தது அந்த ஒன்றையாவது மெல்லிய சீவல்களாக அறுத்து, செல்களின் நுண்ணோக்கிப் படத்தை இந்த மாதக் கடைசிக்குள் அனுப்பவும்.

மரகதம் படித்துப் பார்த்தார். "அறுத்துட்டா அப்புறம் என்ன மிஞ்சும்?"

"அறிவு மிஞ்சும்."

"அதான் வீட்ல ஏற்கெனவே நிறைய இருக்கே" என்று சொல்லிவிட்டு அவர் தோசை திருப்பப் போனார்.

ஊருக்குச் சொன்னால் விடமாட்டார்கள். அதனால் ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, பார்வை நேரத்துக்கு நெடுநேரம் முன்னால், சிகாமணி சார் கதவைச் சாத்திக்கொண்டு கத்தியைத் தீட்டினார். அஞ்சலையைக் கூப்பிட்டுக் கீழே குளிர்சாதன அறையிலிருந்து ஐஸ் கொண்டுவரச் சொன்னார். பத்து நிமிடம் ஆயிற்று. இருபது நிமிடம். வாளியில் கலெக்டர் துடித்துக்கொண்டிருந்தது. கத்தியைக் கையில் பிடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருப்பது கஷ்டமாக இருந்ததால், கோபம் வரவழைத்துக்கொண்டு கதவைத் திறந்து படியிறங்கினார்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் அஞ்சலை உட்கார்ந்திருந்தார். மடியில் ஐஸ் பெட்டி. உதடு நீலம் பாரித்திருந்தது. வாயைத் திறந்து திறந்து காற்றைப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். சிகாமணி சாரைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்று, "இந்தா வந்துட்டேன் சார்" என்றார். பாதம் இரண்டும் வீங்கி, செருப்பின் வார் சதைக்குள் புதைந்திருந்தது. அந்த வார் ஒரு நாளில் அப்படிப் புதைந்திருக்காது.

அவரைத் தூக்க சிகாமணி சாருக்குத் தெம்பில்லை. கத்தினார். ரத்தினவேலும் காவலாளியும் ஓடிவந்து நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஐஸ் பெட்டியை ஏன் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம் என்று தெரியாமலே சிகாமணி சார் அதைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார்.

பொது மருத்துவப் பிரிவின் டாக்டர் மெஹருன்னிசா, பிராணவாயு வைத்து, ஊசி போட்டு, நெஞ்சில் பசை தடவிப் படம் எடுத்துப் பார்த்து முடித்த பிறகு வெளியே வந்தார். "சின்ன வயசுல மூட்டுக் காய்ச்சல் வந்திருக்கு. இதயத்துல ஒரு வால்வு சுருங்கிப் போச்சு. அதனால இதயம் தடம் மாறித் துடிக்குது, நுரையீரல் முழுக்கத் தண்ணி. இது இன்னிக்கு நேத்து வந்ததில்ல. எத்தனை வருஷமா உங்ககிட்ட வேலை பாக்குறாங்க?"

"பதினோரு வருஷம்."

"நீங்க எதுல சார் ஆராய்ச்சி?"

"இதயச் செயலிழப்புல" என்றார் சிகாமணி சார்.

மெஹருன்னிசா மருந்துச் சீட்டை எழுதி அவர் கையில் கொடுத்தார். அவர் சொல்லாமல் விட்டதைச் சிகாமணி சார் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அவர் இருபத்திரண்டு வருடமாகத் தேடிய கதவு, நுண்ணோக்கியில் பல்லாயிரம் மடங்கு பெருக்கினாலும் சரியாகத் தெரியாத கதவு. அஞ்சலைக்குப் பழுதான கதவு கட்டைவிரல் பருமன். சீட்டில் எழுதியிருந்த மாத்திரைகளில் ஒன்று, செல்லுக்குள் கால்சியத்தைக் கொஞ்சம் கூடுதலாகத் தங்கவைக்கிற மாத்திரை. அதைப் பற்றி அவர் வருடாவருடம் ஐம்பது நிமிட வகுப்பு எடுப்பார். மருந்தகத்தில் வரிசையில் நின்று வாங்கியபோதுதான் அது எவ்வளவு சின்னதாக இருக்கும் என்று முதல் முறையாகப் பார்த்தார்.

மூன்றாம் நாள் அஞ்சலை சாய்ந்து உட்கார்ந்து பேசினார். "அன்னிக்கு மறக்கல சார். வடிதண்ணி கேன் இருபது லிட்டரு. ரெண்டாவது மாடியிலயே காலு நின்னு போச்சு. கேனை அங்கயே வெச்சுட்டு மேல வந்து கொழாயில பிடிச்சிட்டேன்."

"லிஃப்ட்ல வரலாம்ல?"

"பேராசிரியர்களுக்கு மட்டும்னு போட்டிருக்குல்ல சார்."

போட்டிருந்தது. அந்தப் பலகையை வைக்கச் சொன்ன குழுவில் மூன்று பேர் கையெழுத்து இருந்தது. மூன்றாவது கையெழுத்து சிகாமணி சாருடையது. அவர் மறுநாள் போய் அந்தப் பலகையைக் கழற்றினார். ஆணி கழலாமல் பலகை இரண்டாக உடைந்தது, டீன் விளக்கம் கேட்டு ஓர் ஓலை அனுப்பினார்.

அஞ்சலை படுத்திருந்த நாட்களில் ஊரே முறை வைத்துக் கலெக்டரின் வாளித் தண்ணீரை மாற்றியது. சிகாமணி சார் படம் விளக்குவதை விட்டுவிட்டார். மெஹருன்னிசாவிடம் போய் மாணவன் மாதிரி நின்று, கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தி, எடுத்த பிறகு குழி விழுந்து நிற்கிறதா என்று பார்க்கக் கற்றுக்கொண்டார்; நின்றால், இதயம் களைத்துக் காலில் நீர் தேங்குகிறது என்று அர்த்தம். கலெக்டரைப் பார்க்க வருகிறவர்கள் செருப்பை வெளியே விட்டுத்தானே வருகிறார்கள். வாசலிலேயே முக்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு காலாக அழுத்தினார். குழி விழுந்தவர்களைத் தானே கூட்டிக்கொண்டு போய் ஏழாம் எண் அறையில் விட்டார். ஒரு மாதத்தில் ஒன்பது பேர். அதற்குள் ஊர் அவருக்கு ஒரு பெயர் வைத்துவிட்டது. முன்பு கால்சியம் டாக்டர் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது நீளமாக இருந்ததாலும், கால் என்பது அவர் செய்கிற வேலைக்குப் பொருத்தமாக இருந்ததாலும் கால்சியத்தின் பின்பாதியை வெட்டிக் கால் டாக்டர் ஆக்கிவிட்டார்கள். பித்தவெடிப்பு, ஆணிக்கால், செருப்புக்கடி எல்லாம் வரத் தொடங்கின. "உலகப் புகழ் கால்வழியா வந்திருக்கு" என்றார் மரகதம்.

அஞ்சலை வேலைக்குத் திரும்பிய நாளில், சிகாமணி சார் பார்வை நேரத்தில் எல்லோர் முன்னாலும் ஆய்விதழின் கடிதத்தைப் பற்றிச் சொன்னார். கத்தி தீட்டியதையும் சொன்னார். கெடு முடிந்துவிட்டது, வேண்டுமானால் நீட்டித்துக் கேட்கலாம், என்ன செய்யட்டும் என்றார்.

"ஒரு தடவ கொன்னாச்சு. இன்னொரு தடவையா?" என்றார் அலமேலு.

"கத்தி பிடிக்கிறது என் தொழிலு சார்" என்றார் சிக்கந்தர் பாய். "எனக்கே இதுல கை வராது."

கூட்டம் அவர்கள் பக்கம் சாய்ந்தது. அப்போது அஞ்சலை, முக்காலியில் உட்கார்ந்தபடியே, "பாக்கத்தான் வேணும்" என்றார். "எனக்கு என்னன்னு பதினோரு வருஷம் எனக்கும் தெரியல, யாருக்கும் தெரியல. பசையத் தடவி உள்ள பாத்தப்புறந்தான் தெரிஞ்சுது. பாக்காம இருக்கிறது பாசமில்ல, அலமேலு. ஆனா மொத்தமா வேண்டாம் சார். எனக்கு ரத்தம் எடுத்த மாதிரி, கொஞ்சமா."

நகக்கண் அளவு என்று முடிவாயிற்று. சிக்கந்தர் பாய்தான் அறுத்தார். அவர் கைதான் நடுங்காது என்று அலமேலுவே சொன்னார். கலெக்டர் ஒரு துடிப்பு தவறவிட்டது, மறுபடி தொடங்கியது. சிகாமணி சார் அந்தத் துணுக்கைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் குனிந்தார்.

அதுவும் துடித்தது. சாயமேற்றிய செல்கள் ஒவ்வொன்றும் மினுங்கி அணைந்து மினுங்கின. கால்சியம் அலையலையாகக் கொட்டி, அலையலையாகத் திரும்பியது. ஒரு கதவும் ஒழுகவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் அவ்வளவு அழகாக அவர் எதையும் பார்த்ததில்லை. ஊரைக் கூப்பிட்டு வரிசையில் நிறுத்தி ஒவ்வொருவருக்கும் காட்டினார். அலமேலு ஒற்றைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "கார்த்திகைக்கு ஏத்துன மாதிரி இருக்கு" என்றார். படம் மட்டும் எடுக்க முடியவில்லை. அசையாமல் இருந்தால்தானே படம். நாற்பது படங்களும் கலங்கி வந்தன. காணொளி எடுக்கலாமென்றால் கல்லூரி நுண்ணோக்கியில் அதற்கு வசதி இல்லை. கைப்பேசியை வைத்து எடுத்ததில் சிகாமணி சாரின் இமைமுடிதான் தெளிவாக விழுந்தது. நாற்பது படங்களையும் அனுப்பினார். படங்கள் தெளிவாக இல்லை, மாதிரி எண்ணிக்கை ஒன்று, வருந்துகிறோம் என்று பதில் வந்தது.

அவர் கடிதத்தை நீட்டியபோது மரகதம், "நம்ம கல்யாண ஆல்பத்துலயும் ஒரு படங்கூடத் தெளிவா இல்ல. அதுக்காகக் கல்யாணமே நடக்கலன்னு ஆயிருமா?" என்றார். சிகாமணி சார் சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல், முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு சிரித்தார்.

நூற்று மூன்றாம் நாள் காலையில் கல்லூரியின் அங்கீகாரத்தைப் புதுப்பிக்க ஆய்வுக்குழு ஒன்று வந்தது. டீன் முன்னால் ஓடி, கதவு கதவாகத் திறந்து, மூன்றாம் மாடிக்கு அழைத்துவந்து, "இதுதான் எங்கள் கல்லூரியின் பெருமை" என்று வாளியைக் காட்டினார். அவர் விரல் நீண்ட அந்த நொடிக்குச் சற்று முன்னால், எந்த அறிகுறியும் காட்டாமல், யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், கலெக்டர் நின்றிருந்தது. குழுவினர் குனிந்து பார்த்தார்கள். மூக்கைச் சுளித்துக் குறிப்பெடுத்தார்கள். நூற்று மூன்று நாள் அதிசயத்துக்கு அரசாங்க ஆவணத்தில் கிடைத்த ஒரே இடம் அவர்கள் அறிக்கையின் பதினேழாம் பத்தி: "உடலியல் ஆய்வகத்தில் பிளாஸ்டிக் வாளியில் இறைச்சி காணப்பட்டது. இனி தவிர்க்கவும்."

அலமேலு அதைத் தூக்குவாளியில் எடுத்துப்போய்த் தன் கொட்டகைப் பக்கம் புதைத்தார். சிக்கந்தர் பாய் அன்று கடை திறக்கவில்லை. ஊர் பெரிதாக அழவில்லை. துடித்ததை எப்படி எடுத்துக்கொண்டார்களோ அப்படியே நின்றதையும் எடுத்துக்கொண்டார்கள். நான்கு மணிக்கு வந்து பழகியவர்கள் அதே நேரத்துக்கு வந்து, காலை நீட்டி அழுத்திக் காட்டிவிட்டு, கொஞ்சம் பேசிவிட்டுப் போனார்கள்.

அஞ்சலைக்குத் திருச்சியில் பலூன் விட்டு வால்வை விரித்துவிட்டார்கள். தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை ஏழாம் எண் அறைக்கு மறுபார்வைக்கு வந்தபோது சிகாமணி சாரும் கூட வந்தார். மெஹருன்னிசா பரிசோதித்து முடித்து, காதிலிருந்து ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி, ஏதோ தோன்றி அவரிடம் நீட்டினார். "கேட்டுப் பாருங்க சார்."

சிகாமணி சார் தயங்கினார். உயிருள்ள மனிதர் ஒருவருடைய நெஞ்சில் அவர் இதுவரை காது வைத்ததில்லை. குழலை மாட்டிக்கொண்டதில் முதலில் ஒன்றும் கேட்கவில்லை; தலைகீழாக மாட்டியிருந்தார். மெஹருன்னிசா திருப்பி மாட்டிவிட்டார். அப்புறம் கேட்டது. ஒரு தட்டு, ஒரு தட்டு, ஒரு சின்னத் தாமதம், அவசரமாக இரண்டு தட்டு, திரும்பவும் நிதானம். இத்தனை வருடமாக அஞ்சலை மூன்று மாடி தண்ணீர் சுமந்தது இதை வைத்துக்கொண்டுதான்.

"என்ன சார் சொல்லுது?" என்றார் அஞ்சலை.

கிடங்கு, கதவு, அலை என்று அவருக்குச் சொல்ல இருபத்திரண்டு வருடப் பேச்சு இருந்தது. வெளியே வரிசையில் யாரோ இருமினார்கள், அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள். சிகாமணி சார் கண்ணை மூடிக்கொண்டார்.

"கொஞ்சம் பேசாம இருங்க அஞ்சலை" என்றார். "இன்னும் கேட்டு முடிக்கல."